நாமினி படிவத்தோடு நின்றுவிடாதீர்கள்: சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊழியர் சங்கங்கள், ஓய்வூதியர் சங்கங்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

உறுப்பினர் ஒருவர் வேலையில் சேரும் நாளில் படிவம் நிரப்ப உதவுபவர்கள் நீங்கள். அவர் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறீர்கள். வீட்டுக்கடனுக்குச் சம்பளச் சான்று வாங்கித் தருகிறீர்கள். பணி நிறைவு நாளில் சால்வை போர்த்துகிறீர்கள். அவர் இறந்தால் மாலையோடு முதலில் வந்து நிற்பதும் நீங்கள்தான். அவருடைய சொத்து குடும்பத்துக்குச் சிக்கலில்லாமல் போய்ச்சேருமா என்பது இந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் காதில் விழுவது ஒரே வாசகம்: “நாமினி போட்டாச்சுல்ல, போதும்.” அது போதாது. ஏன் போதாது, எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம் வேண்டும், சங்கம் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்த மடல். இதை எழுதும் நாங்கள் உயில், செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்), வாரிசுரிமை வழக்குகள் ஆகியவற்றிலேயே புழங்கும் வழக்கறிஞர்களும் பத்திர எழுத்தர்களும்.

நாமினி என்பவர் யார்? யாரிடம் பணத்தைக் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீருமோ, அவர். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை நாமினி படிவம் சொல்வதில்லை. உயில் இருந்தால் உயில் சொல்லும். இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். காப்பீட்டுப் பணம் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. வங்கி வைப்புக்கு 2010-இலும், நிறுவனப் பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் அதையே சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனாளிகள் என்று ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். அதற்கும் எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே பொருள் கொள்ளவில்லை. ஆகவே, வங்கிக் கணக்குக்குத் தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டுப் பணம் தம்பிக்குத்தான் என்று ஒருவர் நிம்மதியாக இருந்தால், அந்தத் தம்பி பணத்தை வாங்கி அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் அம்மாவிடமும் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுக்காவிட்டால் வழக்கு.

இருந்தாலும் நாமினி வேண்டும். நாமினி பெயர் இருந்தால் பணம் விரைவாக வெளியே வரும். இல்லாவிட்டால் வாரிசுச் சான்று, உறுதிப் பத்திரம், வேறு யாராவது உரிமை கேட்டால் ஈடு செய்வோம் என்ற ஈட்டுறுதி என்று குடும்பம் அலையும். தொகை பெரிதாகவோ வாரிசுகளுக்குள் தகராறாகவோ இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் வரை போகும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஒரே நேரத்தில் நால்வருக்கும் இத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம், அல்லது முதலாமவர் இல்லையென்றால் இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டுமே உண்டு. பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் பத்துப் பேர் வரை போடலாம்.

தொழிற்சங்கச் செயலாளர்கள் மனத்தில் வைக்க வேண்டியது வருங்கால வைப்பு நிதி. உறுப்பினருக்குத் திருமணம் ஆனதும், அதற்கு முன் அவர் போட்ட பி.எஃப். நாமினேஷன் செல்லாததாகிவிடும், புதிதாகப் போட வேண்டும். வேலையில் சேர்ந்த வாரத்தில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்து, பிறகு இருபது ஆண்டுகள் அந்தப் படிவத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. அவர் இறந்ததும் மருமகள் ஒரு மனு, மாமியார் ஒரு மனு. கல்யாணப் பத்திரிகை உங்கள் மேசைக்கு வரும் நாளிலேயே பி.எஃப்., பணிக்கொடை, குழுக் காப்பீடு மூன்றுக்கும் புதிய படிவம் நிரப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டால், மொய்யைவிடப் பெரிய உதவி அது.

இனி, உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது. இங்கேதான் உறுப்பினர்களின் நம்பிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், அம்மா. முன்பே இறந்துவிட்ட பிள்ளையின் குடும்பமும் அந்தப் பிள்ளையின் பங்குக்கு வரும். அப்பா முதல் வகுப்பில் இல்லை. கல்யாணமாகாத இருபத்தைந்து வயதுப் பையன் இறந்தால் எல்லாம் அம்மாவுக்கு. அம்மா இருக்கும்வரை அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, படிக்க வைத்த அக்காவுக்கும் இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாதவர் என்றால் மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி.

பிள்ளைகள் உள்ள இளம் குடும்பத்தில்தான் கஷ்டம் அதிகம். கணவர் பெயரில் ஒரு ஃபிளாட், வீட்டுக்கடன் பாக்கி, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா. அவர் உயில் எழுதாமல் இறந்தால் நால்வருக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. கடனை அடைக்க மனைவி அந்த ஃபிளாட்டை விற்க நினைத்தால் மாமியார் கையெழுத்து வேண்டும். பிள்ளைகளின் பங்கான பாதியை விற்க நீதிமன்ற அனுமதியும் வேண்டும், ஏனென்றால் பதினெட்டு வயது நிரம்பாதவரின் அசையாச் சொத்தைப் பெற்ற தாயே ஆனாலும் அனுமதியில்லாமல் விற்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் பிள்ளைகளின் பங்குப் பணத்தை அவர்கள் பெயரில் வைப்பாகப் போடச் சொல்வது வழக்கம். இதற்கிடையே மாமியாரும் இறந்துவிட்டால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அப்போது ஃபிளாட்டில் கொழுந்தனும் நாத்தனாரும் பங்குதாரர்கள். இதில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்தாலும் இது இரண்டு மூன்று வருட வேலை.

இத்தனையையும் தடுக்க ஒரே பக்க உயில் போதும். ‘என் அசையும், அசையாச் சொத்துகள் எல்லாம் என் மனைவிக்கு; அவர் எனக்கு முன் இறந்தால் பிள்ளைகளுக்குச் சமமாக; நாங்கள் இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு இன்னார் காப்பாளர்.’ அம்மாவுக்கு மாதச் செலவுக்கு வழி வேண்டும் என்றால், ஒரு வைப்புத்தொகையைத் தனியே அவருக்கு எழுதலாம். வீட்டில் பங்கு கொடுப்பதைவிட அது அம்மாவுக்கே பயன். முப்பது வயதுக்காரரிடம் உயில் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நினைப்பார்கள் என்று நீங்கள் தயங்கலாம். வீட்டுக்கடனில் கையெழுத்திட்ட அன்றே உயிலுக்கும் வயது வந்துவிட்டது என்பது எங்கள் கருத்து.

சொந்தத் தொழில் செய்பவர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ஆகியோருக்கு இன்னொன்று. திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம், 1874-இன் 6ஆம் பிரிவின்கீழ் ஆயுள் காப்பீடு எடுத்தால், அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்காக மட்டுமே ஒதுக்கிய அறக்கட்டளையாகிவிடும். கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. இதை பாலிசி எடுக்கும்போதே, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பெண் உறுப்பினர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆணுக்கு மேலே சொன்ன வாரிசு வரிசை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்ற வேறு பாதை. பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்து வருவது கணவரின் வாரிசுகள். அவரைப் பெற்ற அம்மா அப்பா அதற்கும் பின்னால்தான். கணவரை இழந்த, பிள்ளையில்லாத ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடும் சேமிப்பும், அவரை வைத்துக் காப்பாற்றிய அம்மாவுக்கு வராமல் கணவரின் உடன்பிறந்தவர்களுக்குப் போகும். சுய சம்பாத்தியம் என்றாலும் இதே பாதைதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: பெண்ணுக்குப் பிள்ளையோ இறந்த பிள்ளையின் வாரிசோ இல்லாவிட்டால் அது அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ‘வாரிசாக வந்த’ என்பதுதான் முக்கியம். அதே வீட்டை அப்பா உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்திருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. அது கணவர் வழிக்கே போகும். மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு அப்பாவிடமும், அடுத்த வாரமே மகளை ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டியது இதனால்தான். மகளிர் தினத்தன்று கோலப்போட்டி நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அரங்கில் ஒரு மணி நேரம் இந்தப் பிரிவை விளக்கினால், திருமணமான, மணமாகாத, விவாகரத்தான, கணவரை இழந்த எல்லாப் பெண் உறுப்பினர்களுக்கும் அது பயன்படும்.

பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு மாநிலத் திருத்தமே உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே பூர்வீக நிலம் முழுவதையும் மகனுக்கு என்று அப்பா உயில் எழுத முடியாது. தன் பங்கை மட்டும் எழுதலாம். எது பூர்வீகம், எது சுய சம்பாத்தியம் என்பதை மூலப் பத்திரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பட்டாவில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இஸ்லாமிய உறுப்பினர்களுக்குக் கணக்கே வேறு. இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசாக வரும் ஒருவருக்கே உயிலில் கூடுதலாகக் கொடுக்க, மற்ற வாரிசுகள் உயில் எழுதியவர் இறந்தபின் சம்மதிக்க வேண்டும். நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது பேரப்பிள்ளைகள் விஷயம். ஒரு மகன் தந்தைக்கு முன்பே இறந்து, வேறு மகன் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் பங்கு வராது. அந்த மூன்றில் ஒரு பங்கு உயில் இந்தக் குழந்தைகளுக்காகவே பயன்பட வேண்டியது. மற்றபடி உயிரோடு இருக்கும்போதே கொடுக்க நினைப்பவருக்கு ஹிபா என்ற கொடை முறை இருக்கிறது: கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், சுவாதீனத்தை ஒப்படைத்தல் மூன்றும் நடந்திருக்க வேண்டும். பத்திரம் எழுதிவிட்டு வீட்டைக் கையில் கொடுக்காவிட்டால் ஹிபா நிற்காது.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருந்தால் வயதான தாய் தந்தைக்கு ஒன்றுமே இல்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள விரும்பினால் உயில்தான் வழி. இன்னொன்று, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். மதம் கடந்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் இதே 1925 சட்டம்தான். கணவன் மனைவி இருவரும் இந்துக்கள் என்றால் மட்டும், சிறப்புத் திருமணமாக இருந்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும்.

குடும்பம் வழக்கமான அமைப்பில் இல்லாத இடங்களில் உயில் இல்லாமல் ஒன்றுமே நடக்காது. பத்திரமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வளர்த்த வளர்ப்புப் பிள்ளைக்குச் சட்டப்படி பங்கில்லை. மறுமணம் செய்தவரின் மனைவி தன்னோடு கூட்டிவந்த பிள்ளைக்கு, அவர் எத்தனை ஆண்டுகள் அப்பாவாக இருந்தாலும், அவர் சொத்தில் பங்கில்லை. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணைக்கு இல்லை. முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து இல்லாமல் செய்துகொண்ட இரண்டாவது திருமணத்தின் மனைவிக்கும் இல்லை. அவர் பிள்ளைகளுக்கு மட்டும் தந்தையின் பங்கில் உரிமை உண்டு. விவாகரத்து ஆனவர், பழைய நாமினேஷனும் பழைய உயிலும் தானாக நீங்கிவிடும் என்று நம்பக் கூடாது. இரண்டையும் தாமே மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்கமாட்டார். செயலாளர்தான் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்.

மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை அதைவிட நெருக்கமாகக் கவனியுங்கள். இவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, பாசத்தில் வீட்டை அந்தப் பிள்ளை பெயரிலேயே எழுதிவிடுவது. பிள்ளையால் கையெழுத்திட முடியாது என்றால் அந்த வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ யாராலும் எளிதில் முடியாது. இரண்டாவது, ‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்று எல்லாவற்றையும் மூத்தவன் பெயரில் எழுதுவது. அண்ணனுக்குக் கடன் வந்தாலோ, அவர் முன்னதாக இறந்தாலோ அந்தச் சொத்து அவர் வாரிசுகளுடையது. சரியான வழி, உயில் மூலமோ இப்போதே பத்திரமாகவோ ஒரு தனியார் அறக்கட்டளை. சொத்து அறக்கட்டளைக்கு, வருமானம் அந்தப் பிள்ளையின் மருத்துவம், உணவு, பராமரிப்புக்கு, பிள்ளைக்குப் பின் மிச்சம் யாருக்கு என்பதும் அதிலேயே. பணத்தைக் கையாளும் அறங்காவலரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். அறங்காவலர்கள் குறைந்தது இருவர், அவர்களுக்கு அடுத்தவர் பெயரும் எழுதியிருக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டியதும் பெற்றோரே சட்டப்படியான காப்பாளர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆணை பெற வேண்டும். அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சான்றோடு அந்தப் பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் சேர்க்கும் வேலையைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் விதிப்படி போகுமே தவிர, உயிலில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது என்பதையும் ஓய்வூதியர் சங்கங்கள் சொல்லிவைக்க வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் வரும் பெரிய கேள்வி: உயிலா, செட்டில்மென்டா? பிள்ளைகள் செட்டில்மென்டை வற்புறுத்துவார்கள், ஏனென்றால் அது அன்றே உரிமை மாற்றும். கட்டணமும் தாங்கக்கூடியது. தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல், குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தீர்வையே இல்லை. ஆனால் செட்டில்மென்ட் பதிவாகி, பெற்றவர் ஏற்றுக்கொண்டபின் கொடுத்தவர் மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது. உயிலைச் சாகும்வரை எத்தனை முறையும் மாற்றலாம்.

குடியிருக்கும் ஒரே வீட்டை ஒரு முதியவர் செட்டில்மென்ட் செய்யக் கூடாது என்பதே எங்கள் உறுதியான எண்ணம். செய்தே தீர வேண்டிய சூழல் என்றால் பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் கட்டாயம். ‘நானும் என் மனைவியும் உயிருள்ளவரை இந்த வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு’ என்பது முதலாவது. ‘பெறுபவர் எங்களுக்கு உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இது தரப்படுகிறது’ என்பது இரண்டாவது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவில், பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்கக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த மனு எளிதில் நிற்பது இந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான். எழுதாமலேயே மீட்ட வழக்குகள் உண்டு. ஆனால் எழுபத்தைந்து வயதில் அந்த வாதத்தை நடத்தும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

உயில் எழுதும் முறைக்கு வருவோம். சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: எழுதுபவர் தெளிவான மனநிலையில் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ அவர் வாயால் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை. நோட்டரி முத்திரை இரண்டு சாட்சிகளுக்கு ஈடாகாது. இவ்வளவு எளிதாக இருந்தும் உயில்கள் நீதிமன்றத்தில் விழுவதற்குச் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது சாட்சி. உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது உயிரோடு இருந்தால் அவர் வந்து சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் தன் எழுபத்திரண்டு வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டால், தேவைப்படும் நாளில் மூவருமே இருக்கமாட்டார்கள். அப்போது கையெழுத்தை அடையாளம் காட்டும் ஆளைத் தேட வேண்டியிருக்கும். சாட்சிகள் எழுதுபவரைவிடப் பத்துப் பதினைந்து வயதாவது இளையவர்களாக, முகவரி மாறாதவர்களாக இருக்கட்டும். குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக இருந்தால் மனநிலை பற்றிய கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைக்கும். உயிலில் பயன்பெறுபவரும் அவர் மனைவியோ கணவரோ சாட்சியாகக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தப் பங்கே போய்விடும். இந்துக்களுக்குப் போகாவிட்டாலும் சந்தேகம் கிளம்பும்.

அடுத்தது, சொத்து பெறும் மகனே வழக்கறிஞரைப் பிடித்து, வாசகம் சொல்லி, அப்பாவைக் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது. பயன்பெறுபவர் இப்படி முன்னின்று நடத்திய உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைப் போக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எழுதும்போது காரணம் எழுதாததும் இதே வகைத் தவறு. ‘மூத்த மகளுக்கு 2012-இல் வீட்டுமனை வாங்கிக் கொடுத்துவிட்டதால் இதில் பங்கு தரவில்லை’ என்ற ஒரே வரி பத்து ஆண்டு வழக்கைத் தடுக்கும்.

பிறகு சொத்து விவரம். ‘என் அண்ணாநகர் வீடு’ என்று எழுதினால் போதாது. பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை மூலப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். எழுதிய பிறகு வாங்கும் சொத்துகளுக்காக ‘இதில் குறிப்பிடாத மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு’ என்ற வரி வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் ‘அவர் முன்னதாக இறந்தால் இன்னாருக்கு’ என்ற மாற்றும் வேண்டும். உயிலில் உள்ளபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்தல் திருத்தல் உள்ள இடங்களில் எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்து. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே உயில் எழுதுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் இறந்தபின் மற்றவர் மாற்றலாமா கூடாதா என்பதே தனி வழக்காகிவிடும். ஆளுக்கு ஒன்று எழுதட்டும்.

பதிவு செய்வதால் உயில் காணாமல் போகாது, பின்னால் பக்கம் மாற்றினார்கள் என்ற பேச்சும் எழாது. அதனால் நாங்கள் பதிவைப் பரிந்துரைக்கிறோம். பதிவு செய்ய விருப்பமில்லாதவர், உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அசல் உயிலை எழுதியவரின் தனி லாக்கரில் வைப்பது மட்டும் வேண்டாம். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும் என்று குடும்பம் நடுவில் நிற்கும். உயில் எழுதினால் வரி வரும் என்ற வதந்திக்கும் அடிப்படையில்லை. மரணச் சொத்துவரி 1985-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

வெளிநாட்டிலும் சொத்து உள்ளவர்கள் அந்த நாட்டுச் சொத்துக்கு அங்கேயே தனி உயில் எழுதுவது நல்லது. ஒன்றில் ‘என் முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்ற வழக்கமான வரி இருந்தால் மற்றொன்றும் சேர்ந்து ரத்தாகும்; ‘இந்தியச் சொத்துகள் தொடர்பான முந்தைய உயில்களை மட்டும்’ என்று எழுத வேண்டும். மகன் வெளிநாட்டில் இருக்கிறார், தன் சார்பில் செயல்பட அப்பா பவர் பத்திரம் கொடுத்திருக்கிறார் என்ற நம்பிக்கையும் ஓரளவுக்குத்தான். பவர் கொடுத்தவர் இறந்த நொடியில் பவர் முடிந்தது. அவர் நினைவிழந்து படுத்தாலும் அதை வைத்துச் செய்யும் காரியம் கேள்விக்குள்ளாகும். அப்படிப்பட்ட காலத்துக்கு மருத்துவச் செலவுக்கான தொகை, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் நடக்கும் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். உயிர்காக்கும் கருவிகள் பற்றிய விருப்பத்தை எழுதிவைக்க விரும்புபவர், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எளிதாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும்.

சங்கங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். உறுப்பினர் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: நாமினேஷனைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி, உயில் எழுதியாயிற்றா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. உயிலில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அது சங்கத்தின் வேலையல்ல. திருமணம், குழந்தை பிறப்பு, வீட்டுக்கடன், விவாகரத்து, துணைவர் மரணம், பணி நிறைவு ஆகிய ஆறில் எது நடந்ததாகத் தெரிந்தாலும் முப்பது நாளுக்குள் அந்த உறுப்பினருக்கு ஒரு நினைவூட்டல் போகட்டும். பணி நிறைவு விழாவுக்கு மூன்று மாதம் முன்பே பேசுங்கள். ஓய்வுப்பலன் கையில் வந்தபின் பிள்ளைகளின் கோரிக்கைகள் முந்திக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தலாம். ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், சாட்சியாக நிற்க ஒப்புக்கொண்ட நாற்பது வயதுக்குட்பட்ட நான்கு உறுப்பினர்கள் போதும். சாட்சியாக நிற்பவர் உயிலைப் படிக்க வேண்டியதில்லை, கையெழுத்தைப் பார்த்தால் போதும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் தயக்கம் நீங்கினால் ஆட்கள் கிடைப்பார்கள். வருபவர்கள் மூலப் பத்திரத்தின் நகல், பட்டா, ஆதார், வங்கி மற்றும் காப்பீட்டுக் கணக்குகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். கணவன் மனைவி இருவரும் வந்தாலும் உயில் பற்றித் தனித்தனி மேசையில் பேசுங்கள், பிள்ளைகளை வெளியே உட்கார வையுங்கள். பிள்ளைகள் மனம் கோணினாலும் பரவாயில்லை, அந்த உயில் நீதிமன்றத்தில் நிற்கும்.

இப்படிக்கு,
வாரிசுரிமை வழக்குகளிலும் பத்திரப்பதிவிலும் பணியாற்றும் வழக்கறிஞர்கள், பத்திர எழுத்தர்கள்